தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் மகளை நான் கால் மரக்கால் தவிட்டுக்கு விற்றேன். வாங்கியவள் என் கூடப் பிறந்த அக்கா. இதைக் கனடாவில் விசா கொடுக்கிறவனிடம் சொன்னால் அவனுக்கு ஒரு எழவும் புரியாது. பெரம்பலூர் கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என் வாழ்க்கையில் விழுந்த மண் அந்தத் தவிட்டோடு வந்ததுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவதாக வந்தவள் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தாள், அழக்கூடத் தெம்பில்லை. அரியலூர்ப் பக்கம் எங்கள் சொந்தத்தில் அப்படி நோஞ்சானாகப் பிறக்கும் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தாயின் ராசி சரியில்லை, பிள்ளை அடுத்தவளுடையது என்று ஆகிவிட்டால் கெட்டது எதுவும் தேடி வராது என்பது கணக்கு. நான் நிலவியல் படித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் தவிடு கேட்டால் தவிடு, தலையைக் கேட்டால் தலை, எதையும் கொடுப்பாள்.

பிள்ளையை முறத்தில் கிடத்தினோம். அக்கா வாசலில் நின்று, "பிள்ளை விலைக்கா?" என்று கேட்டாள். "தவிட்டுக்குத்தான்" என்றேன். அவள் தவிட்டை அளந்து என் மடியில் கொட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவோடு போய்க் கொல்லை வழியாக உள்ளே வந்தாள். என் கையில் திரும்பக் கொடுத்து, "எம் புள்ளய நல்லா வளத்துக் குடுடி" என்றாள். அப்படித்தான் சொல்ல வேண்டும், அது முறை. எல்லாரும் சிரித்தோம். அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்குத் தலை பின்னியவள், பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள், நான் பெரிய மனுஷியானபோது பயப்படாதே என்று கட்டிக்கொண்டவள் எல்லாம் அக்காதான். அக்காவின் புருஷன், என் மாமா, சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில். அதனால் நான் பெரம்பலூரில் வாடகைக்கு வீடு பிடித்தபோது அக்காவும் எங்களோடு வந்துவிட்டாள். மாமா வரும் நாட்களில் மட்டும் அரியலூர் பஸ் ஏறுவாள். நான் கல்லூரிக்குப் போனால் பிள்ளைக்கு அவள்தான் எல்லாம்.

பிள்ளைக்கு இரண்டு வயதாவதற்குள் என் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். ஊர்க் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. "பொண்டாட்டியும் வேணாம், புள்ளயும் வேணாம்" என்று நூறு பேர் முன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். பெரியவர்கள் தீர்த்துவிட்டார்கள். எங்கள் சாதிசனத்தில் அதோடு சரி, யாரும் கோர்ட்டுப் படி ஏறுவதில்லை. வக்கீலிடம் போகலாமா என்று நான் கேட்டபோது, "ஊரே சாட்சி, இதுக்கு மேல என்னம்மா பேப்பரு?" என்றார்கள். நானும் சரி என்றேன். படித்தவளாம் நான்!

எங்கள் அரியலூர் மண்ணில், எப்போதோ கடலாக இருந்த இடம் என்பதால், கல்லாகிப்போன கடல் சிப்பிகள் கிடைக்கும். பருத்திக் காட்டில் களை எடுக்கும்போதே கையில் சிக்கும். அந்தச் சிப்பிகளைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கனடாவில் ஒரு பேராசிரியை என்னை ஆராய்ச்சிப் படிப்புக்குக் கூப்பிட்டாள். உதவித்தொகையோடு இடம். அந்த மெயிலைப் படித்துவிட்டு அடுப்படிக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். கரண்டியோடு அவளும் சுற்றினாள். "புள்ளயக் கூட்டிட்டுப் போவலாமா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. போகலாம், படிக்கப் போகிறவர்கள் பிள்ளையையும் அழைத்து வரலாம் என்று போட்டிருக்கிறது என்றேன். "அப்ப சரி" என்றாள். அந்த 'அப்ப சரி'யை நான் அப்படியே நம்பினேன்.

கூட்டிப் போகலாம்தான், ஆனால் சும்மா இல்லை. பிள்ளைக்குத் தனி விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், மெடிக்கல். இதெல்லாம் ஓடி ஓடி முடித்துவிடலாம். பாஸ்போர்ட்டுக்குக்கூடத் தாய் மட்டும் உறுதிமொழி கொடுத்தால் போதும் என்று வழி இருந்தது. ஆனால் கூட வராத தகப்பன் உயிரோடு இருந்தால், 'என் பிள்ளை தாயோடு போவதில் எனக்குச் சம்மதம்' என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். இல்லையென்றால் பிள்ளையின் பொறுப்பு முழுக்கத் தாய்க்கே என்று கோர்ட் உத்தரவு காட்ட வேண்டுமாம். என்னிடம் இருந்தது ஊர்ப் பஞ்சாயத்து. பெரியவர் ஒருவருக்கு போன் செய்து ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். "அந்தக் கனடாக்காரன இங்க வரச் சொல்லும்மா, நான் நேர்லயே சொல்றேன்" என்றார். மனுஷன் நிஜமாகவே சொன்னார்.

வேறு வழியில்லாமல் பிள்ளையின் தகப்பனுக்கே போன் செய்தேன். பாடாலூரில் ஹைவே ஓரமாக டயர் கடை வைத்திருந்தான். ஐந்து வருடம் கழித்துப் பேசுகிறேன், பழக்க தோஷம், 'ங்க' போட்டுத்தான் வாயில் வந்தது. அதற்கே என் மேல் எனக்கு ஆத்திரம். அவனோ சாவகாசமாக, "எங்க வேணா போங்க, எனக்கென்ன வந்துச்சு. திங்கக்கிழமை பெரம்பலூர் வரேன், போட்டுத் தரேன்" என்றான். எனக்கு உயிரே வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு நடுவில் நின்றது. "அவனா? ஒத்துக்கிட்டானா?" என்றாள். அவளுக்கும் என்னைப் போல நம்ப முடியவில்லை என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில் அக்கா செய்யாத வேலை இல்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனாள், காது தெரியவில்லை என்று திருப்பி எடுக்க வைத்தாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கம்பளிக் குல்லா கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, அந்த வெயிலில் போய் வாங்கி வந்தாள். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய வீட்டுக்குள் ஓடியது. நடுவில் கிருத்திகை வந்தது. "செட்டிகுளம் மலைக்குப் போயி முருகன்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன், புள்ளயையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளப் போகிறாள் என்று பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலிலிருந்து இரண்டு பேரும் கையசைத்தார்கள்.

திங்கட்கிழமை கோர்ட் எதிரில் நோட்டரி மேஜைக்குப் பக்கத்தில் காலையிலிருந்து நின்றேன். அவன் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டுத் திருச்சி பஸ் ஏறிப் பாடாலூரில் இறங்கினேன். கடையில் லாரி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வரேன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேணாம்னு தோணுது."

"அஞ்சு வருஷமா எட்டிப் பாக்கல. இப்ப என்ன புதுசா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. "என்னைய ஏன் கேக்குற? புள்ளயத் தவிட்டுக்கு வித்தீங்கள்ல, வாங்கின மகராசிக்குத்தான் இஷ்டமில்ல. கட தேடி வந்து அழுதுட்டுப் போனாங்க. 'அப்பன்னு ஒருத்தன் இருக்கும்போது எம் புள்ளய நாடு கடத்த விட்ருவியா'ன்னு கேட்டாங்க. எனக்கும் சுருக்குன்னு இருந்துச்சு."

அவனுக்குச் சுருக்கென்று இருந்ததாம்! பொய் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். என் அக்காவைப் பற்றி இவன் என்ன சொல்வது என்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவன் மறுபடி டயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் பதிலுக்குத் திட்டாதபோதுதான் இது பொய்யாக இருக்காதோ என்று பட்டது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கடைக்குப் போயிருந்தாள். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. மடியில் உட்கார வைத்து, அன்றைக்குக் கோயிலில் என்னடா பார்த்தாய் என்று கேட்டேன். மலை, குரங்கு, பஞ்சாமிர்தம் எல்லாம் சொன்னாள். "அப்பறம் டயர் கடைக்குப் போனோம். ஒரு மாமா பஜ்ஜி வாங்கித் தந்தாரு. பெரியம்மா அழுதாங்க. கண்ணுல தூசியாம்." பெற்ற தகப்பனை மாமா என்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டேன்.

அடிப்பாவி. வேறு யாராவது செய்திருந்தால் தாங்கியிருப்பேன், மாமா செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். என் தலையை ஈரம் போகத் துவட்டிய கை அது. அந்தக் கையால் குல்லா வாங்கிக் கொடுத்துக்கொண்டே கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள். முருகன் பேரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் வேறு பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்தேன்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும், தெருமுனைத் தீவனக் கடைக்குப் போய் ஒரு மூட்டைத் தவிடு வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன். அக்கா அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூட்டையை இழுத்து வந்து அவள் முன்னால் அவிழ்த்துக் கொட்டினேன். வெங்காயத் தட்டு மூடிப்போயிற்று.

"இந்தா உன் தவிடு. எம் புள்ளய எனக்குத் திருப்பிக் குடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுக்கவில்லை. ஒரு வார்த்தை மறுத்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

"ஆமா, போனேன்" என்றாள். "போயி அவன் கால்ல வுழாத குறையாக் கேட்டேன். நீ போடி, படி, பெரிய ஆளா வா. யாரு வேணாங்குறா? புள்ள இங்கயே இருக்கட்டும். நான் இல்லயா? அங்க அவளுக்குச் சோறு யாரு ஊட்டுவா? காய்ச்சல் வந்தா யாரு பக்கத்துல படுப்பா?"

"நான் அவ அம்மாக்கா!"

"நான் யாரு?"

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. "என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? 'போவாதடி, என்னால தாங்க முடியல'ன்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டேன்."

"பின்ன?" என்றாள். தவிட்டைக் கையால் அளைந்தாள். "கால் மரக்கா தவிடுதான் நான் குடுத்தேன், நீ மூட்டையாக் கொட்டுற. தவிட்டுக்குத் தவிடு சரியாப் போச்சு. ஏழு வருஷம் தூக்கம் முழிச்சதுக்கு என்னத்தக் கொட்டுவ?"

நான் கத்தினேன். வெளியே போ என்றேன். என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டாய் என்றேன். நீ பெத்திருந்தா உனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அதைச் சொன்னதும் அவள் எழுந்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுப் பையில் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வருமுன்னாலேயே அரியலூர் பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து மாமா போன் செய்தார். அக்கா மறுபடியும் பாடாலூர் போயிருக்கிறாள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு என்று கேட்க. அவன், "நீங்களே வேணாங்குறீங்க, நீங்களே போடுங்குறீங்க, நான் என்ன உங்க வூட்டு வேலக்காரனா?" என்று அனுப்பிவிட்டானாம். பஞ்சாயத்தில் துண்டை உதறியவன் இப்போது நெஞ்சை நிமிர்த்தித் தகப்பனாகிவிட்டான். அவனைத் தகப்பனாக்கியவள் என் அக்கா. மாமா தயங்கித் தயங்கி, "அவ சாப்புட மாட்டேங்குறாம்மா" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

பேராசிரியை நல்லவள். அடுத்த பருவம் வரை இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று எழுதினாள். பிள்ளையை விட்டுவிட்டு முதலில் நீ வரலாமே, பலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போவதானால் யாரிடம் விடுவது? அக்கா கணக்குப் போட்டதே அதுதானே! மாட்டேன் என்று எழுதிவிட்டேன். கோர்ட் உத்தரவு வாங்கிக்கொண்டு பிள்ளையோடு வருகிறேன் என்றேன்.

பெரம்பலூர் வக்கீலம்மா ஒருவர் வழக்கை எடுத்துக்கொண்டார். நோட்டீஸ் வாங்கிக்கொண்ட அவன் கோர்ட்டுக்கு வரவே இல்லை. "அது நல்லதுதான்" என்றார் வக்கீலம்மா. "ஆனா அவன் எட்டிப் பாக்கல, நீங்க ஒருத்தர்தான் புள்ளய வளக்குறீங்கன்னு வீட்டோட இருந்தவங்க யாராவது சாட்சி சொல்லணும். யாரு இருந்தா கூட?"

கூட யார் இருந்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்கள் பிள்ளையைப் பார்த்ததுகூட இல்லை. பிள்ளை எப்போது நடந்தது, எப்போது பல் விழுந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். எனக்கே சிலதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். வக்கீல் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்து வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார். வழக்குக் கவலையில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

நான்கு மாதம் கழித்து அக்காவுக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, கேட்க மனசு வரவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"கோர்ட்டுல வந்து என்னன்னு சொல்லணும்?" என்றாள்.

"நான் ஒருத்திதான் புள்ளய வளத்தேன்னு சொல்லணும்."

"வரேன். புள்ள சாப்ட்டாளா?" என்றாள்.

சொன்ன நாளில் முதல் பஸ்ஸில் வந்து கோர்ட் வாசலில் நின்றாள். பாதி உடம்பாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள், அவ்வளவுதான். கூண்டில் ஏற்றி, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்ல வைத்தார்கள். குழந்தையைப் பிறந்ததிலிருந்து பராமரித்து வருவது யார் என்று வக்கீலம்மா கேட்டார்.

"எந் தங்கச்சிதாங்க."

"வேற யாராவது?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஜட்ஜம்மாவைப் பார்த்து, "வேற யாரும் இல்லைங்க. அவ ஒருத்திதான்" என்றாள். "நான் எப்பவாவது வந்து பாத்துட்டுப் போவேன். மத்தபடி எனக்கும் புள்ளைக்கும் ஒண்ணும் இல்லைங்க."

டைப் செய்கிறவர் அதை அப்படியே அடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம். அவள் செய்தது துரோகம். எந்தச் சாமி வந்து சொன்னாலும் அது துரோகம்தான், எனக்கு அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் கூண்டில் நின்று அவள் சொன்ன பொய் என்னுடையது. நான் சொல்லிக் கொடுத்தது. அரியலூர் பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து ஒரு பையை என் கையில் திணித்தாள். அந்தக் கம்பளிக் குல்லாதான், அன்றைக்கு அவள் எடுத்துப்போன புடவைகளோடு சேர்ந்து போயிருக்கிறது. "தொவைச்சு வச்சிருக்கேன், அங்க குளுரும்" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை குல்லாவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டது. "பெரியம்மா வாசன வருது. பெரியம்மா வந்தாங்களா?" என்று வீடு முழுக்கத் தேடியது. வரவில்லை என்று சொன்னேன்.